120 ரூபாயும் ஒரு பிசிறு வெட்டும் கதையும்

வணக்கங்க. இன்றைக்குச் சமையல் கிடையாது. சட்னி அரைக்கிற மனநிலையிலேயே நான் இல்லை.

போன வீடியோவில் தக்காளியை எல்லாம் உருட்டிவிட்டானே, என் தங்கச்சி பையன், அவனுக்கு எல்கேஜி சீட் பார்க்கிறோம். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் 25 சதவீத இடம் இலவசம், எட்டாவது வரை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2 லட்சத்துக்குக் கீழே இருக்கணும் என்றார்கள். சரி என்று இ-சேவையில் வருமானச் சான்றுக்குப் போட்டோம். 60 ரூபாய். ரேஷன் கார்டு மங்கலாக இருக்கிறதாம், நிராகரித்துவிட்டார்கள். ஸ்கேன் பண்ணியது நாங்களா? அந்த மையத்துத் தம்பிதானே! மறுபடியும் 60. கேட்டால் "சிஸ்டம் அப்படிக்கா" என்கிறான். 120 ரூபாய்ங்க, தங்கச்சி பையன் உருட்டிய தக்காளியை விட அதிகம்.

ஒருவழியாகச் சான்று வந்தது: 2,22,000. மாப்பிள்ளைக்கு பனியன் கம்பெனியில் மாதம் 14,500. அதோடு நின்றிருந்தால் 1,74,000, உள்ளே வந்திருப்போம். ராத்திரி டிவி முன்னால் உட்கார்ந்து தங்கச்சி பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறை வெட்டுகிறாளே, அந்த மாதம் நாலாயிரம்தான் எங்களை வெளியே தள்ளியது! மத்திய அரசின் 10 சதவீத ஒதுக்கீட்டில் 8 லட்சம் வரைக்கும் நலிந்தவராம். இந்தப் பள்ளிச் சீட்டுக்கே கர்நாடகாவில் மூன்றரை லட்சம், மகாராஷ்டிராவில் 1 லட்சம். ஓசூரில் பஸ் ஏறி அத்திப்பள்ளியில் இறங்கினால் நாங்கள் ஏழை, திரும்பி வந்தால் வசதியானவர்கள்.

இதையெல்லாம் பக்கத்து வீட்டு டீச்சரக்காவிடம் புலம்பினேன். "நீங்க பிசி தானே? உங்களுக்கு எதுக்கு வருமானச் சான்று?" என்கிறார். அப்படியே நின்றுவிட்டேன். நம் ஊரில் இரண்டு பிரிவாம். நலிவடைந்த பிரிவுக்குத்தான் 2 லட்சக் கணக்கு. பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டி எல்லாம் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு. சாதிச் சான்று போதும், வருமானம் கேட்க மாட்டார்கள். அது பீரோவில் புடவைக்கு அடியிலேயே கிடந்தது!

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். வீட்டிலிருந்து பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கணும். எங்களுக்கு 800 மீட்டர், நானே செருப்பு தேய நடந்து பார்த்தேன். இடத்தை விட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். அன்றைக்கு லைவ் போடுகிறேன். தங்கச்சி பிசிறு வெட்டிக்கொண்டேதான் வருவாள்.