ஆளைக் காணோமே

நேயர்களுக்கு வணக்கம்.

முப்பத்தாறு வருடம் தபால்காரராக இருந்தவன் நான். முதியோர் உதவித்தொகை மணியார்டரில் வந்துகொண்டிருந்த காலத்தில், மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் லீவு போட்டால் போதும். மறுநாள் திண்ணையில் இருக்கும் பாட்டிமார் பிடித்துக்கொள்வார்கள்: “ஏம்ப்பா, நேத்து ஆளைக் காணோமே?”

அறுபது வயதில் ஓய்வு. முதல் மூன்று மாதம் சுகமாகத்தான் போனது. செய்தித்தாளை வரி விளம்பரம் வரை படித்தேன். அப்புறம் ஒரு நாள் தூங்கி எழுந்து, “காபி ஆச்சா?” என்று கேட்டேன். சாயங்காலம் ஐந்து மணி அது. நான் விடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். என் மனைவி சிரிக்கவில்லை.

பக்கத்துத் தெருவில் பார்வையற்ற மாணவர் ஒருவர் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறார். பாடங்களை வாசித்து வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்ப முடியுமா என்று கேட்டார். இதென்ன பெரிய வேலை என்று ஒத்துக்கொண்டேன். பெரிய வேலைதான்! படம் வந்தால் வாயாலேயே வரைய வேண்டும். அட்டவணையில் எண்களை மட்டும் வரிசையாக வாசித்தால், எந்த எண் எந்தத் தலைப்புக்கு உரியது என்று கேட்பவருக்குப் பிடிபடாது. ஒவ்வொரு எண்ணோடும் தலைப்பைச் சேர்த்துச் சொல்லப் பழகினேன். இவ்வளவும் செய்து, நான் ஏற்ற இறக்கத்தோடு நிதானமாக வாசித்ததை அவர் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. போட்டுக் காட்டினார். நாய் துரத்துவதுபோல் ஓடியது என் குரல்.

ஒப்பிட நான் யார்? ஆனாலும் உ.வே.சா. நினைவு வருகிறது. மாநிலக் கல்லூரியிலிருந்து 1919இல் ஓய்வு பெற்றவர், குறுந்தொகையைப் பதிப்பித்து வெளியிட்டது 1937இல், 82 வயதில். 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் தம் வரலாற்றை வாராவாரம் எழுத ஆரம்பித்தபோது 85ஐ நெருங்கியிருந்தார். 122 அத்தியாயம் வந்தது. 1942 ஏப்ரலில் அவர் காலமாக, கதை பாதியில் நின்றது. புலமை ஒரு பக்கம் இருக்கட்டும். நான் யோசிப்பது அந்த வாரக் கெடுவைத்தான். எழுதிய தாளை வாங்க அச்சகத்தில் காத்திருப்பார்கள், அடுத்த இதழுக்கு வாசகர்கள் காத்திருப்பார்கள். உடம்புக்கு முடியாத நாளிலும் அதுதான் அவரை எழுப்பி உட்கார வைத்திருக்கும். இது ஒரு தபால்காரனின் ஊகம்.

ஓய்வு பெற்றவர்களுக்கு நடை, தோட்டம், பஜனை என்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். எல்லாம் நல்லதே. தொட்டிச் செடிகூடத் தண்ணீருக்குக் காத்திருக்கும். டிவி நமக்காகக் காத்திருக்காது, அவ்வளவுதான்.

போன வாரம் தொண்டை கட்டிக்கொண்டது. இரண்டு நாள் எதுவும் அனுப்பவில்லை. மூன்றாம் நாள் காலையில் அந்தத் தம்பியிடமிருந்து ஒரு குரல்பதிவு: “என்னங்கய்யா, ரெண்டு நாளா ஆளைக் காணோமே?”

மூன்று நான்கு முறை போட்டுக் கேட்டேன். சாதாரண வேகத்தில்தான்.

வணக்கம்.