மடித்து எடுத்து வந்த பள்ளிக்கூடம்

தலைவர் அவர்களே, வாசகர் வட்ட நண்பர்களே, வணக்கம்.

சிந்திக்காரர் வீட்டுக்கு எந்த நேரம் போனாலும் முதலில் வருவது தண்ணீரும் அப்பளமும்தான். காபி, டீ எல்லாம் அப்புறம். மிளகு தூக்கலாக, தணலில் வாட்டிய அப்பளம். வெயிலில் வந்தவருக்கு உப்பும் தண்ணீரும் கொடுப்பது வறண்ட நாட்டுப் பழக்கம் என்பார்கள். பிரிவினையில் வந்த குடும்பங்கள் பலவற்றுக்கு அந்த அப்பளமே பிழைப்பாகவும் இருந்தது. பெண்கள் இட்டார்கள், பையன்கள் ரயிலில் விற்றார்கள்.

நமக்கோ வடக்கத்தி வியாபாரி என்றால் எல்லாரும் ‘சேட்டு’. மார்வாடி யார், குஜராத்தி யார், சிந்தி யார் என்று கேட்டுப் பார்த்தவர்கள் குறைவு. நானும் ஐம்பது வயது வரை கேட்டதில்லை.

1947-ல் பஞ்சாபில் ஒரு பகுதி இந்தியாவுக்கு வந்தது. வங்காளத்திலும் ஒரு பகுதி வந்தது. சிந்து மட்டும் முழுசாகப் பாகிஸ்தான் பக்கம் போனது. பஞ்சாபி அமிர்தசரஸில் இறங்கினால் டீக்கடையில் அவர் மொழி காதில் விழும். சிந்திக்கு அப்படி ஓர் ஊர் கிடையாது. 1948 ஜனவரி 6 கராச்சிக் கலவரத்துக்குப் பிறகு லட்சக்கணக்கானோர் கப்பலிலும் ரயிலிலும் கிளம்பினார்கள். பம்பாய்க்குப் பக்கத்தில் கல்யாணில் ராணுவம் காலி செய்துவிட்டுப் போன முகாமில் பெருங்கூட்டத்தைக் குடிவைத்தார்கள். அந்த முகாம் ஊராக மாற 1949 ஆகஸ்ட் 8 அன்று அடிக்கல் நாட்டியவர் யார் தெரியுமா? நம் ராஜாஜி. அப்போது அவர் கவர்னர் ஜெனரல். அதுதான் உல்லாஸ்நகர். இன்றும் அங்கே விலாசம் கேட்டால் ‘கேம்ப் 3’, ‘கேம்ப் 4’ என்றுதான் சொல்வார்கள். அங்கே செய்த பொருளில் ‘மேட் இன் யு.எஸ்.ஏ.’ என்று இருந்தால் உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன் என்று அர்த்தம் என்பது அவர்களே சொல்லிச் சிரிக்கும் பழைய ஜோக்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீடு போச்சு, நிலம் போச்சு. இந்த நிலையில் ஒரு கூட்டம் முதலில் எதைக் கட்டும்? கோயிலை, அல்லது கடையை என்று நினைப்போம். இவர்கள் கல்லூரி கட்டினார்கள். கராச்சியில் டி.ஜே. சிந்து கல்லூரி 1887-ல் தொடங்கியது. அங்கிருந்து இடம்பெயர்ந்த ஆசிரியர்கள் சிலர் 1948-ல் பம்பாயில் இரண்டே அறையில் ஒரு கல்லூரி ஆரம்பித்தார்கள். அதுதான் ஜெய்ஹிந்த் கல்லூரி.

இன்னொன்று எனக்கு இதைவிடப் பிடித்த கதை. சிந்துவில் ஹைதராபாத் என்று ஓர் ஊர். அங்கே ரிஷி தயாராம் கிதுமல் 1922-ல் ஒரு நேஷனல் கல்லூரி தொடங்கினார். அதற்குத் தூண்டுகோலாக இருந்தவர் நம் அடையாற்று அன்னி பெசன்ட். அதன் முதல்வர் குந்த்னானி, பாரிஸ்டர் ஹோத்சந்த் அத்வானியோடு சேர்ந்து 1949-ல் அதே கல்லூரியைப் பாந்த்ராவில் மறுபடி நிறுத்தினார். அதை நடத்த ஒரு வாரியம் வேண்டுமே, அதற்கு என்ன பேர் வைத்தார்கள்? ‘ஹைதராபாத் (சிந்து) நேஷனல் காலேஜியேட் போர்டு’. தெலங்கானா என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக அந்த அடைப்புக்குறி. இழந்த ஊர், அடைப்புக்குறிக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? சிந்தி இந்துக்களில் ஆமில், பாய்பந்த் என்று இரண்டு வகை உண்டு. ஆமில்கள் படித்து அரசு வேலை பார்த்தவர்கள், பாய்பந்துகள் வியாபாரிகள். இவருக்கு அவர் கல்லாப்பெட்டி, அவருக்கு இவர் சம்பளக்காரர். பரஸ்பர இளக்காரம் கொஞ்சம் இருந்தது. ஆனால் ஹைதராபாத் பாய்பந்துகளின் கடைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஹாங்காங், ஜப்பான், ஜிப்ரால்டர் என்று கடல் தாண்டிப் போயிருந்தன. ஊர் போனபோதும் அந்தக் கடைகள் போகவில்லை. ஆமில் வாத்தியார், பாய்பந்த் பணம் — முகாமில் இரண்டும் கைகோத்தன. சர்ச்கேட்டில் 1954-ல் தொடங்கிய கே.சி. கல்லூரியின் முழுப்பெயர் கிஷின்சந்த் செல்லாராம் கல்லூரி. ஒரு வணிகரின் பெயர்.

பெண் கல்வியில் சாது வாஸ்வானியைச் சொல்லாமல் விடக்கூடாது. கல்லூரி முதல்வராக இருந்துவிட்டு நாற்பது வயதில் வேலையை உதறிய மனிதர். 1933-ல் ஹைதராபாத்தில் பெண்களுக்கு ஒரு பள்ளி திறந்து, ராஜஸ்தானத்துக் கிருஷ்ண பக்தையின் பெயரில் ‘செயின்ட் மீரா’ என்று பலகை மாட்டினார். செயின்ட் என்றால் கான்வென்ட் என்று நினைக்கும் நமக்கு இது கொஞ்சம் வேடிக்கைதான். அவர் புனேவுக்குப் பெயர்ந்தபின் அந்தப் பெயரும் அங்கே போனது. 1962-ல் பெண்கள் கல்லூரியும் வந்தது.

நம்பிக்கை விஷயத்தில் அவர்களிடம் கறார் குறைவு. சிந்தி இந்துக்களின் வழிபாட்டிடத்தில் கிருஷ்ணர் படமும் இருக்கும், சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த சாகிபும் இருக்கும். குலதெய்வம் மாதிரி நிற்பவர் ஜூலேலால். மதம் மாறச் சொல்லி மிர்க் ஷா என்ற ஆட்சியாளர் மிரட்டியபோது, மக்கள் சிந்து நதிக்கரையில் நாற்பது நாள் நோன்பிருந்தார்களாம். நசர்பூரில் பிறப்பேன் என்று நதியிலிருந்து குரல் வந்ததாம். பிறந்த குழந்தையின் தொட்டில் தானாக ஆடியதால் அந்தப் பெயர். படத்தில் வெள்ளைத் தாடியோடு, மீன்மேல் இருக்கும் தாமரையில் உட்கார்ந்திருப்பார். அந்த மீன் பல்லா, நாம் உல்லம் என்போமே அது. முட்டையிட ஆற்றை எதிர்த்து நீந்தும் மீன். சிந்துவில் உடேரோலால் என்ற இடத்தில் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே தலத்தில் அவரை வணங்குகிறார்கள்.

ஜூலேலால் பிறந்தநாளான சேட்டி சந்த் பண்டிகையன்று தட்டில் கோதுமை மாவு விளக்கு, கற்கண்டு, கலசம் வைத்து எடுத்துப் போவார்கள். நம் மாவிளக்கேதான், மாவு மட்டும் வேறு. சிந்து நதி இல்லாத ஊரில் ஏரி, கடல், கிணறு எதுவானாலும் சரி. இந்த வழிபாடு இந்தியாவில் எல்லாச் சிந்திகளுக்கும் பொது அடையாளமானது பிரிவினைக்குப் பிறகுதான். அதில் பெரும் பங்கு பேராசிரியர் ராம் பஞ்ச்வானிக்கு. பானையைத் தட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பாடியவர். பரவிக் கிடந்தவர்களை ஒரு பாட்டுக்குள் கொண்டுவந்ததும் ஒரு வாத்தியார்தான், பாருங்கள்.

சென்னையிலேயே ஓர் உதாரணம். மயிலாப்பூர் ராதாகிருஷ்ணன் சாலையில் சூஃபிதார் என்ற சிந்திகளின் கோயில் இருக்கிறது. ரமலான் மாதத்தில் அங்கே சைவச் சாப்பாடு சமைத்து, திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலுக்குக் கொண்டுபோய் நோன்பு திறப்போருக்குத் தொண்டர்கள் பரிமாறுவது பல பத்தாண்டுப் பழக்கம். அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கிவைத்தது. மேடையில் யாரும் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. சமைக்கிறார்கள், பரிமாறுகிறார்கள், போகிறார்கள்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். பள்ளி பிழைத்தது, மொழி அப்படிப் பிழைக்கவில்லை. 1853-ல் ஆங்கிலேயர் அரபு வடிவத்தில் 52 எழுத்துகளை அதிகாரபூர்வமாக்கினார்கள். பிரிவினைக்குப் பின் அதையே வைத்துக்கொள்வதா, தேவநாகரிக்கு மாறுவதா என்று பெரிய சண்டை. கடைசியில் இரண்டும் செல்லும் என்றானது. 1967 ஏப்ரல் 10-ல் அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் சிந்தி சேர்ந்தபோது கொண்டாடினார்கள். ஆனால் பிள்ளைகள் அதற்குள் ஆங்கில வகுப்புக்குப் போய்விட்டார்கள். வேலை கிடைக்கும் மொழியைத்தானே கேட்பார்கள்? அவர்களைக் குறை சொல்லும் தகுதி நமக்கும் இல்லை.

கீழ்ப்பாக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். தண்ணீர், அப்பளம் ஆனது. பாட்டி கேம்ப் பள்ளியில் அரபு எழுத்தில் சிந்தி படித்தவர். மகளுக்குத் தேவநாகரி தெரியும். பேத்தி ஆங்கில எழுத்தில் சிந்தியை வாட்ஸ்அப்பில் அடிக்கிறாள். ஒருவர் எழுதுவதை இன்னொருவர் படிக்க முடியாது. பாட்டியின் பஜனை நோட்டு ஒன்று இருந்தது. எனக்குக் காட்டுவதற்காகப் பேத்தி அதை எடுத்து, நாம் புத்தகம் திறப்பது போலவே திறந்தாள். வெறும் பக்கம். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை வாங்கி, திருப்பி, வலப்பக்கத்திலிருந்து திறந்து அவள் மடியில் வைத்தார்.