தொலைந்த பாட்டின் சாயல்

(வெள்ளவத்தையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

சபையோருக்கு வணக்கம். மைஸ்பேஸ் என்ற பெயர் இங்கே எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? முன்வரிசையில் இரண்டு மூன்று தலைகள் ஆடுகின்றன. சரி, பின்னால் இருக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். வீட்டு அறையில் பாடிப் பதிந்தவர்கள் எல்லாம் பாட்டை ஏற்றி வைத்த தளம் அது. சேர்வர் மாற்றும்போது 2015 வரையான பாடல்கள் போய்விட்டன என்று 2019இல் அவர்களே அறிவித்தார்கள். 5 கோடிக்கு மேல் என்பது கணக்கு.

அதில் ஒரு பிடி தப்பியது. 2008–2010 காலத்தில் ஓர் ஆய்வுக் குழு தன் வேலைக்காக இறக்கி வைத்திருந்த 490,000 எம்பி3 கோப்புகள், இணையத்தில் உள்ளதைச் சேமித்து வைக்கும் நூலகமான இன்டர்நெட் ஆர்கைவுக்கு வந்தன. நூற்றுக்கு ஒன்று. இதைக் கொண்டு மற்றத் தொண்ணூற்றொன்பதையும் இயந்திரக் கற்றலால், அதாவது மாதிரிகளைக் கொண்டு கணினியையே பழக்கி, எழுப்பலாமே என்று கேட்கிறார்கள்.

எழுப்ப முடியாது. சாயல் காட்டலாம், எனக்கு அதுவே பெரிய விஷயம்.

ஒரு வினாடி இசை கணினிக்கு 44,100 எண்கள். இவ்வளவு எண்கள் வந்த பிறகு அடுத்தது என்னவாக இருக்கும் என்று ஊகித்து ஊகித்தே இயந்திரம் பழகுகிறது. இப்படித் தனி எண்களாகவும் செய்யலாம், சுருக்கிய குறியீடுகளாகவும் செய்யலாம். செயற்கை நுண்ணறிவு நிறுவனமான ஓப்பன்ஏஐ 2020இல் வெளியிட்ட ஜூக்பாக்ஸ் என்ற இசை செய்யும் இயந்திரம் இரண்டாம் வகை. 12 இலட்சம் பாடல்களில் பழகியது. ஒரு நிமிட இசையை முழுசாக உருவாக்க அதற்கு ஏறத்தாழ 9 மணி நேரம் பிடித்தது.

இனி வேடிக்கையான பகுதி. எம்பி3 கோப்பை நெருக்கிச் சுருக்கினால் முதலில் கெடுவது சிம்பல், டிரம்ஸோடு இருக்கும் அந்த உலோகத் தட்டின் ஓசை. 'ஸ்ஸ்' என்று தண்ணீருக்குள் தட்டியது போலாகும். அது பழுது என்று இயந்திரத்துக்கு யார் சொல்வது? அதையும் இசையென்றே படித்து, புதிதாகச் செய்யும் பாட்டிலும் அதே நனைந்த சிம்பலைப் போடுகிறது. இயந்திரம் பாடுவது சொல்லே புரியாத முணுமுணுப்புத்தான்; ஆனாலும் அந்தக் காலத்து இணைய இசையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதில் 2008 தெரிவது இதனால்தான்.

ஆனால், அந்த நூற்றில் ஒன்றுக்குள் இல்லாத பாடகரை இயந்திரத்துக்குத் தெரியாது. கொழும்பில் இருந்து ஒரு பையன் பைலாத் தாளத்தில் தமிழில் பாடி ஏற்றியிருந்து, அது அந்தப் பிடியில் அகப்படாமல் போயிருந்தால், எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் அவன் வரமாட்டான். ஆகவே இப்படிச் செய்ததை உண்மையான ஒலிப்பதிவுகளோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பது என் பிடிவாதம். கோப்பின் பெயரிலேயே 'இயந்திரம் செய்தது' என்று இருக்க வேண்டும்.

இப்போது ஒரு துண்டு போடுகிறேன். சொற்களைத் தேடாதீர்கள், சிம்பலைக் கவனியுங்கள். அப்புறம் கேள்விகளுக்கு வருவோம்.