செல்லாத நோட்டும் தேநீர்க்கடைச் சச்சரவும்: பர்மாவின் 1988

அவையோர் அனைவருக்கும் வணக்கம். இன்று மியான்மர் எனப்படும் பர்மாவின் 1988 என்றவுடன் ஆகஸ்ட் 8 என்ற தேதியும் ஆங் சான் சூ சியின் பெயரும் நம் நினைவுக்கு வருகின்றன. இராணுவ ஆட்சிக்கு எதிராக அந்த ஆண்டு மூண்ட மக்கள் எழுச்சிக்கு வித்திட்டவை, மக்களின் சேமிப்பைப் பறித்த ஓர் ஆணையும் பிணக்கணக்கை மறைத்த அரசின் பொய்யுமே என்பது என் கருத்து. அதைத்தான் இன்று விளக்க விரும்புகிறேன்.

1987 செப்டம்பரில், 1962 முதல் நாட்டை ஆண்டுவந்த இராணுவத் தலைவர் நெ வின்னின் அரசு, 25, 35, 75 கியாட் (பர்மாவின் நாணயம்) நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது; மாற்றிக்கொள்ள வழியும் இல்லை, ஈடும் இல்லை. வீட்டிலே பணம் வைத்திருந்த விவசாயியும், கல்லூரிக் கட்டணத்திற்குப் பணம் சேர்த்திருந்த மாணவனும் ஒரே நாளில் வெறுங்கையரானார்கள். பின்னர் வந்த புதிய நோட்டுகள் 45, 90 கியாட் மதிப்புடையவை. ஒன்பதாம் எண் மீது நெ வின் கொண்டிருந்த நம்பிக்கையே இதற்குக் காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. 1964இலும் இதே ஆட்சி 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாதவையாக்கியது. தேசியமயமாக்கலில் கடையை இழந்து கப்பலேறிய பர்மாத் தமிழர் குடும்பங்களுக்கு இது புதிய செய்தியல்ல. ஒரு காலத்தில் அரிசி ஏற்றுமதியில் உலகின் முன்னணியில் நின்ற நாடு, 1987 டிசம்பரில் ஐ.நா.வின் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் சேர்ந்தது.

இந்தச் சூழலில்தான், 1988 மார்ச் 12 அன்று, அப்போதைய தலைநகரான ரங்கூனின் தொழில்நுட்பக் கல்லூரிக்கு அருகிலிருந்த ஒரு தேநீர்க்கடையில், ஒலிநாடாவில் எந்தப் பாட்டைப் போடுவது என்பதில் மாணவர்களுக்கும் உள்ளூர் இளைஞர்களுக்கும் கைகலப்பு மூண்டது. ஒரு மாணவரைத் தாக்கியவர் உள்ளூர் அதிகாரி ஒருவரின் மகன் என்பதால் விடுவிக்கப்பட்டார். நியாயம் கேட்ட மாணவர்களை மறுநாள் போலீசார் சுட்டனர். போன் மோ என்ற மாணவர் உயிரிழந்தார். மார்ச் 16 அன்று இன்யா ஏரிக்கரையில், வெள்ளைப் பாலம் எனப்பட்ட இடத்தில், ஊர்வலமாக வந்த மாணவர்கள் இருபுறமும் வளைக்கப்பட்டுத் தாக்கப்பட்டனர். அதன்பின் மக்கள் அதைச் சிவப்புப் பாலம் என்றே அழைத்தனர்.

அடுத்து நடந்ததை என்னால் கடந்துபோக முடிவதில்லை. கைதானவர்களைப் புளிமூட்டைபோல் அடைத்து இன்செய்ன் சிறைக்குச் சென்ற போலீஸ் வாகனத்துக்குள் 41 பேர் மூச்சுத்திணறி இறந்தனர். இவ்வளவு பேர் இறந்ததை அரசு ஜூலையில்தான் ஒப்புக்கொண்டது. அதற்குள் அந்தச் சேதி வாய்வழியாகத் தலைநகர் முழுவதும் பரவிவிட்டது. அரசின் எந்த அறிக்கையையும் யாரும் நம்பத் தயாராக இல்லை.

ஜூலை 23 அன்று நாட்டில் அனுமதிக்கப்பட்டிருந்த ஒரே கட்சியான ஆளுங்கட்சியின் தலைமையிலிருந்து நெ வின் விலகினார். பலகட்சி முறை வேண்டுமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தலாம் என்று யோசனை கூறிய அதே உரையில், இராணுவம் சுட்டால் குறிபார்த்தே சுடும் என்றும் எச்சரித்தார். அவருக்குப் பின் வந்தவர், மார்ச் மாத அடக்குமுறைக்குப் பொறுப்பானவராகக் கருதப்பட்ட செய்ன் லுவின்; அவரை மாணவர்கள் கொலைகாரர் என்றே கருதினர். ஆகஸ்ட் 8 காலையில் துறைமுகத் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் பிக்குகளும் அலுவலர்களும் இல்லத்தரசிகளும் இணைந்தனர். அன்றிரவே துப்பாக்கிச் சூடு தொடங்கியது. இரண்டு நாள் கழித்து, ரங்கூன் பொது மருத்துவமனையில் காயம்பட்டோரைக் கவனித்துக்கொண்டிருந்த செவிலியர்களும் சுடப்பட்டனர்.

ஆகஸ்ட் 12 அன்று செய்ன் லுவின் பதவி விலகினார். நோயுற்ற தாயைப் பார்க்க ஏப்ரலில் நாடு திரும்பியிருந்த சூ சி, ஆகஸ்ட் 26 அன்று ஷ்வேடகோன் பகோடாவின் அருகே திரண்டிருந்த பல லட்சம் பேரிடையே பேசினார். இராணுவம் சாராத கடைசி முகமாக நிறுத்தப்பட்ட மாங் மாங்கின் ஆட்சியும் ஒரு மாதம் நீடிக்கவில்லை. செப்டம்பர் 18 அன்று தளபதி சா மாங் ஆட்சியைக் கைப்பற்றினார். வீதியில் நின்றவர்கள் மீண்டும் சுடப்பட்டனர். ஆயிரக்கணக்கான மாணவர்கள் தாய்லாந்து எல்லைக் காடுகளுக்குத் தப்பினர். அவ்வாண்டில் மாண்டோர் சுமார் 3,000 பேர் என்பது பரவலான மதிப்பீடு. அரசு சொன்னதோ சில நூறுதான்.

தேர்தல் நடத்துவோம் என்ற வாக்குறுதியை மட்டும் புதிய ஆட்சி காப்பாற்றியது. 1990 மே மாதத் தேர்தலில் சூ சியின் கட்சி 392 இடங்களில் வென்றபோதும், அந்த நாடாளுமன்றம் ஒருநாளும் கூட்டப்படவில்லை.