காட்டினால் கெட்டுப்போகும் ஆயுதம்

நேயர்களுக்கு வணக்கம்.

அணிவகுப்பில் ஏவுகணைகளைக் கொண்டுசெல்வது, எதிரி அவற்றைக் கண்டு அடங்கிக் கிடக்க வேண்டும் என்பதற்காகத்தான். கணினி வலையமைப்புகள் வழியே நடக்கும் சைபர் போரில் இந்தக் கணக்கு எளிதில் பலிப்பதில்லை. எதிரியின் மென்பொருளில் தான் கண்டறிந்த ஓட்டையை ஒரு நாடு வெளியே காட்டினால், எதிரி அதை அடைத்துவிடுவான். காட்டாமல் வைத்திருந்தாலோ, அவன் அஞ்சக் காரணமே இல்லை.

உக்ரைனைப் பார்ப்போம். 2015 டிசம்பர் 23 அன்று மாலை, அந்நாட்டின் மேற்கிலுள்ள மின்விநியோக நிறுவனம் ஒன்றின் கட்டுப்பாட்டு அறையில், கணினித் திரையின் சுட்டி தானாக நகர்ந்து, துணை மின்நிலையங்களின் பிரேக்கர்களை, அதாவது மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சுகளை, ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து மின்சாரத்தைத் துண்டித்தது. பணியிலிருந்தவர் சுட்டியைப் பிடித்து நிறுத்த முயன்றபோது அவரது கணக்கே பூட்டப்பட்டது. மின்னஞ்சலோடு இணைத்து அனுப்பிய கோப்பு வழியே பல மாதங்களுக்கு முன்பே உள்ளே நுழைந்தவர்கள் காத்திருந்து செய்த வேலை இது. புகார் எண்ணையும் அவர்கள் பொய் அழைப்புகளால் திணறடித்தார்கள். மூன்று நிறுவனங்களின் ஏறத்தாழ 2,25,000 இணைப்புகள் இருளில் மூழ்கின.

ஊழியர்கள் வண்டியெடுத்துத் துணை மின்நிலையங்களுக்கு நேரில் சென்று பிரேக்கர்களைக் கையாலேயே மூடியதால், சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியது. முழுவதும் தானியங்கியாகி, கையால் இயக்கத் தெரிந்த ஆட்களையும் இழந்துவிட்ட அமைப்பாக இருந்திருந்தால் இவ்வளவு விரைவில் மீண்டிருக்குமா என்பது ஐயமே.

எதிரியை அஞ்சவைக்க வேண்டிய தண்டனை என்ன ஆயிற்று? ஓர் உறுப்பு நாடு தாக்கப்பட்டால் மற்றவை துணைநிற்க வேண்டும் என்ற கூட்டுப் பாதுகாப்புக் கடமையைச் சைபர் தாக்குதலும் தூண்டக்கூடும் என்று, மேற்கத்திய நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோ 2014-லேயே அறிவித்திருந்தது. ஆனால் உக்ரைன் அதில் உறுப்பினரல்ல. இத்தாக்குதலில் பங்கிருந்ததாக ரஷ்ய ராணுவ உளவுத்துறை அதிகாரிகள்மீது அமெரிக்கா குற்றம் சாட்டியதே 2020 அக்டோபரில்தான். அவர்களோ ரஷ்யாவில், கைக்கெட்டாத தொலைவில். இத்தனை தாமதமான தண்டனைக்கு யார் அஞ்சுவார்கள்? ஆகவே, அடித்தாலும் பெரும்பயன் விளையாது என்று எதிரியை எண்ணவைக்கும் மீட்புத் திறனையே நான் வலுவான தடுப்பாகக் கருதுகிறேன்.

அதற்கும் எல்லை உண்டு. 2022 ஏப்ரலில் உக்ரைனின் மின்கட்டமைப்பைக் குறிவைத்த மற்றொரு தீநிரல், அதாவது கணினிகளைத் தாக்கும் மென்பொருள், முறியடிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் முதல் ரஷ்யா அந்தக் கட்டமைப்பின்மீது ஏவுகணைகளையும் டிரோன்களையும் அலையலையாக ஏவியது. எரிந்துபோன மின்மாற்றிகளை, 2015-இல் செய்ததுபோல் சில மணி நேரத்தில் கையால் சரிசெய்ய முடியவில்லை.