கொல்லம் 1062, மீன மாசம்: நாஞ்சில் நாட்டில் பூட்டன் வழியைத் தேடுவது

வணக்கம். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு பக்கத்து ஆட்களுக்காக இந்த வீடியோ. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தின உங்கள் குடும்பத்தைத் தேடணும் என்றால், பரணில் கிடக்கும் பழைய ஆதாரத்தை, அதாவது சொத்துப் பத்திரத்தை, முதலில் கீழே இறக்குங்கள்.

[திரையில்: பழுப்பேறிய முத்திரைத்தாள். முதல் வரி பெரிதாகிறது.]

இது எங்கள் வீட்டு ஆதாரம். ௲௬௰௨ ௵ என்று இருக்கிறது, பார்த்தீர்களா? ௲ ஆயிரம். ௬௰ ஆறு பத்து, அதாவது அறுபது. ௨ இரண்டு. கடைசியில் இருப்பது வருஷத்துக்கான குறி. ஆக 1062, மீன மாசம்.

நம்ம நாலு தாலுகாவும் 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதற்கு முன்பு திருவனந்தபுரத்து ஆட்சி. அதனால் பழைய பத்திரத்தில் ஓடுவது கொல்லம் ஆண்டு. அது சிங்க மாசத்தில், நம்ம ஆவணியில், பிறக்கும். இங்கிலீஷ் வருஷம் வேண்டும் என்றால், சிங்கம் முதல் டிசம்பர் முடிய 824 கூட்டுங்கள், ஜனவரி முதல் கர்க்கடகம், நம்ம ஆடி, முடிய 825. மீனம், நம்ம பங்குனி, என்பதால் நம்முடையது 1887.

ஒரு வருஷம் பிசகினால் என்ன என்று நினைக்காதீர்கள். மயிலாடிக்கு மிஷனரி ரிங்கல்தௌபே 1806-லேயே வந்துவிட்டார். அந்தக் காலத்துச் சபைகளின் ஞானஸ்நானப் பதிவேட்டில் இங்கிலீஷ் வருஷம் இருக்கும். கணக்கு தப்பினால் பக்கத்து வீட்டுப் பிள்ளையை உங்கள் வம்சத்தில் சேர்த்துவிடுவீர்கள்.

[திரையில்: மூன்றாவது வரி. ‘அனந்திரவன்’ என்ற சொல்.]

நான் தடுக்கி விழுந்தது இந்தச் சொல்லில். காரணவருக்கு, அதாவது குடும்பத்துக்கு மூத்த ஆணுக்கு, பிறகு வயல் இவர் பெயருக்குப் போகிறது. மகன் என்றே நினைத்துக் கொடிவழி வரைந்தேன். காரணவரின் மனைவியைத் தேடியே ஒரு வருஷம் போனது. அனந்திரவன் என்றால் மகன் இல்லை, சகோதரி வழி வாரிசு. நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடம் 1926-ல் சட்டம் வரும்வரை மருமக்கள் வழிதான், சொத்து மகனுக்கு இல்லை, சகோதரி பிள்ளைகளுக்கு. மனைவி மக்களுக்கு ‘உகந்துடைமை’ என்று ஒரு பங்கு தனியாகப் போகும். அந்தப் பத்திரம் கையில் கிடைத்தால் விடாதீர்கள், மனைவி, பிள்ளைகள் பெயர் அங்கேதான் இருக்கும்.

அப்புறம், திருவனந்தபுரத்தில் கேரள அரசு ஆவணக் காப்பகம் இருக்கிறது. திருவிதாங்கூர்க் காலத்து ஓலைகளும் கோப்புகளும் அங்கே. போகும்போது பழைய மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். ஊர்ப் பெயரும் வீட்டுப் பெயரும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது, ஆள் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேட முடியாது. ஒரே குடும்பத்தில் பாட்டன் பெயர் பேரனுக்கு வந்துகொண்டே இருக்கும்.

சரி, மறுபடி எங்கள் ஆதாரம். அனந்திரவன் யார் என்று புரிந்த பிறகு, அவரைப் பெற்றவளைத் தேடினேன். இதே தாளில், சாட்சிகளுக்கு மேலே இருந்தாள்.

[திரையில்: தாளின் அடிப்பகுதி. ஒரு பெண் பெயர், பக்கத்தில் ஒரு கீறல்.]

காரணவரின் தங்கை. எழுதத் தெரியாததால் கையெழுத்துக்குப் பதில் ஒரு கீறல். மை கொஞ்சம் இழுபட்டிருக்கிறது. எங்கள் அம்மாவழி அவளிடமிருந்துதான் தொடங்குகிறது.