தோற்ற கட்சி முதலில் திறக்க வேண்டியது உறுப்பினர் பதிவேடு

இவ்வவைக்குத் தலைமையேற்றுச் சிறப்பித்துக்கொண்டிருக்கும் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பல பணிகளுக்கிடையே நேரம் ஒதுக்கி வந்து நிகழ்வைத் தொடங்கி வைத்த முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் பெருந்தகை அவர்களே, தேர்தல் முறைகளைப் பற்றி எனக்கு முன்னர் அரியதோர் உரை நிகழ்த்திய பேராசிரியர் அவர்களே, கொள்கை வேறுபாடுகளை வாசலோடு விட்டுவிட்டு ஒரே வரிசையில் அமர்ந்திருக்கும் பல கட்சிகளின் நிர்வாகிகளே, கிளைப் பொறுப்பாளர்களே, தாய்மார்களே, இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எதிரெதிர் அணிகளில் நிற்பவர்களை ஒரு கூரையின்கீழ் அமர வைப்பது எளிய காரியமன்று. அதைச் செய்து காட்டிய விழாக் குழுவினருக்கு நன்றி சொல்லாமல் என் உரையைத் தொடங்குவது முறையாகாது.

நாடு தழுவிய தேர்தலில் தோற்றுப்போன ஒரு கட்சி மீண்டும் எழுவது எப்படி என்பதே எனக்குத் தரப்பட்டிருக்கும் பொருள். தலைமை, நிதி, வேட்பாளர் தேர்வு, கிளை அமைப்பு ஆகிய நான்கையும் பற்றிப் பேச விரும்புகிறேன். எனினும் மற்ற மூன்றும் எதன்மேல் நிற்கின்றனவோ அந்தக் கிளை அமைப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

முடிவுகள் வெளிவந்த மறுநாள் தோற்ற கட்சியின் அலுவலகத்தில் என்ன பேசப்படும் என்பதை இங்குள்ள பலரும் அறிவீர்கள். கூட்டணிக் கட்சி வாக்கு மாற்றிப் போடவில்லை என்பார்கள். ஊடகங்கள் மறைத்துவிட்டன என்பார்கள். பணம் விளையாடிவிட்டது என்பார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்தப் பழமொழியை நான் மேடைதோறும் சொல்லி வருகிறேன், இன்றும் சொல்கிறேன். கூடம் உண்மையிலேயே கோணலாக இருக்கும் நாடுகளும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. பணபலமும் அதிகாரபலமும் தேர்தலைச் சாய்ப்பது கண்கூடு. ஆனால் அந்தக் கோணலை நிமிர்த்துவதற்கும் வாக்குச்சாவடிதோறும் ஆள் வேண்டுமே! அந்த ஆட்கள் ஏன் இல்லாமற்போனார்கள் என்ற கேள்வியைக் கேட்காத கட்சி அடுத்த தேர்தலிலும் இதே காரணங்களைத்தான் அடுக்கும்.

1977ஆம் ஆண்டை நினைவுகூர விரும்புகிறேன். அவ்வாண்டு மார்ச்சில் நடந்த மக்களவைத் தேர்தலில் காங்கிரசுக் கட்சி 154 இடங்களுக்குச் சுருங்கியது. பிரதமர் இந்திரா காந்தியே ரேபரேலித் தொகுதியில் ராஜ் நாராயணிடம் தோற்றார். அரசியல் வாழ்வு முடிந்துவிட்டது என்று எழுதாத ஏடு இல்லை. அந்த நிலையில்தான் பீகாரில் பெல்ச்சி என்னும் சிற்றூரில் ஒரு கொடுமை நடந்தது. மே மாதத்தில், தாழ்த்தப்பட்டோர் உள்ளிட்ட 11 பேர் அங்கே கொல்லப்பட்டார்கள். ஆகஸ்டு மாத மழையில் அந்த ஊருக்குப் போகச் சாலை இல்லை. ஜீப்பில் புறப்பட்டார் இந்திரா. ஜீப் சேற்றில் புதைந்தது. டிராக்டர் வரவழைத்தார்கள், அதுவும் நகரவில்லை. உடன் வந்தவர்கள் திரும்பிவிடலாம் என்று மன்றாடுகிறார்கள், பொழுது சாய்கிறது, முன்னால் வெள்ளம் நிற்கிறது. யாரோ ஒருவர் பக்கத்து ஊரில் யானை இருக்கிறது என்கிறார். யானை வந்தது, முதுகில் அம்பாரி இல்லை. கட்சியைச் சேர்ந்த பிரதிபா சிங் என்ற அம்மையார் பின்னால் அமர்ந்து அவரைப் பற்றிக்கொள்ள, அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த அந்தத் தலைவர் யானை முதுகில் அமர்ந்தே வெள்ளத்தைக் கடந்து, உறவினரைப் பறிகொடுத்தவர்களிடம் போய்ச் சேர்ந்தார். சாலையே இல்லாத இடத்துக்கு ஆட்சியை இழந்தவர் போனார்! மறு ஆண்டு சிக்மகளூர் இடைத்தேர்தலில் வென்றார். 1980 சனவரியில் அவருடைய கட்சி 353 இடங்களோடு ஆட்சிக்குத் திரும்பியது.

அந்த வெற்றிக்கு யானை மட்டும் காரணமன்று. ஆட்சிக்கு வந்த ஜனதா கட்சி தன் உட்பூசலாலேயே உடைந்ததும் பெருங்காரணம். எனினும் இந்த நிகழ்ச்சியை இத்தனை விரிவாகச் சொன்னதற்கு நோக்கம் உண்டு. பெல்ச்சிப் பயணத்தைப் போற்றுபவர்கள் அதற்குப் பின்னர் நடந்ததைப் பேசுவதில்லை. 1972க்குப் பிறகு காங்கிரசுக் கட்சி தன் உட்கட்சித் தேர்தலை நடத்தவே இல்லை. 1992இல் நரசிம்ம ராவ் காலத்தில், திருப்பதி மாநாட்டை ஒட்டித்தான் அது மீண்டும் நடந்தது. இருபது ஆண்டுகள் பதவிகள் மேலிருந்து நியமிக்கப்பட்டன. தலைவர் ஒருவரின் துணிவு கட்சியை ஒரு தேர்தலில் மீட்டுத் தந்தது. கிளைகளோ வற்றிக்கொண்டே போயின. தலைவரை நம்பி எழுந்த கட்சி அந்தத் தலைவருக்குப் பிறகு எதை நம்பி நிற்கும்?

பிரிட்டனின் தொழிற்கட்சி 1983இல் 209 இடங்களோடு படுதோல்வி கண்டது. 1997இல் 418 இடங்களோடு ஆட்சிக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் மேலும் இரண்டு பொதுத்தேர்தல்களில் தோற்றும் அது சீரமைப்பை நிறுத்தவில்லை. வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதில் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்ற விதியை 1993இல் அக்கட்சியின் அன்றைய தலைவர் ஜான் ஸ்மித் பெரும் எதிர்ப்புக்கிடையே நிறைவேற்றினார். செருமனியின் சமூக சனநாயகக் கட்சி 2017இல் 20.5 விழுக்காட்டுக்கு வீழ்ந்தது. தன் பிழைகளை வெளியார் ஆராய விட்டு, அந்த அறிக்கையை அடுத்த ஆண்டே ஊரறிய வெளியிட்டது. 2019இல் தலைமைப் பொறுப்புக்கு உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. அதில் தோற்றவர் ஓலாஃப் ஷோல்ஸ். வென்ற தலைமையோ அவரையே ஆட்சித்தலைமை வேட்பாளராக முன்னிறுத்தியது. 2021இல் அக்கட்சி முதலிடம் பெற்றது. உட்கட்சித் தேர்தல் வைத்தால் கட்சி பிளந்துவிடும் என்று அஞ்சுவோர் இதை எண்ணிப்பார்க்க வேண்டும். செருமானிய அடிப்படைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, கட்சிகளின் உள்ளமைப்பு மக்களாட்சி நெறிக்கு இசைந்திருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே விதிக்கிறது. அத்தகைய விதி ஒவ்வொரு நாட்டிலும் வேண்டும் என்பதே என் நெடுநாளைய கோரிக்கை.

இலங்கையில் தேசிய மக்கள் சக்தி 2020இல் 225 இடங்களில் 3 மட்டுமே பெற்றது. 2024இல் 159 பெற்றது. பொருளாதார வீழ்ச்சி மக்களைப் பழைய கட்சிகளிடமிருந்து விரட்டியது உண்மை. ஆயினும் அந்த மக்கள் திரும்பிப் பார்த்தபோது ஊர்தோறும் அங்கே நின்றவர்கள் யார் என்பதே கேள்வி.

இப்போது உறுப்பினர் பதிவேட்டுக்கு வருகிறேன். உறுப்பினர் கட்டணத்தை ஒரே ஆள் மொத்தமாகக் கட்டிவிட்டு, வாக்காளர் பட்டியலைப் பார்த்துப் படிவங்களை நிரப்பி, மாநாட்டு மேடையில் இலட்சக் கணக்கில் எண்ணிக்கை அறிவிக்கும் வழக்கம் எந்தக் கட்சிக்கும் புதிதன்று. பெயர் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். தேர்தல் நாளில் முகவராக அமர அந்தப் பெயர்கள் வரப்போவதில்லை. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு நிர்வாகிகள் ஒருமனதாகத் தேர்வானதாக அறிவிப்பதும், தோற்ற பிறகு வாக்காளரைக் குறைகூறுவதும், மீண்டும் சொல்கிறேன், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையே.

தேர்தல் வைத்தால் கோஷ்டி வளரும் என்பார்கள். கோஷ்டி ஏற்கெனவே இருக்கிறது; அது இருட்டில் இருக்கிறது. நியமனத்தால் பதவி பெற்றவர் மேலிடத்தின் முகத்தைப் பார்ப்பார், வாக்கால் பதவி பெற்றவர் தம் ஊர்க்காரரின் முகத்தைப் பார்ப்பார். கடைசி நேரத்தில் ஆள் திரட்டிக் கைப்பற்றிவிடுவார்கள் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. ஆகவே சேர்ந்து ஓராண்டு நிறைந்தவர்க்கே வாக்கு என்று விதி வைக்கலாம்.

தலைவர் அவர்கள் நேரம் முடிந்ததைக் குறிப்பால் உணர்த்துகிறார். இங்கு அமர்ந்திருக்கும் எல்லாக் கட்சி நிர்வாகிகளிடமும் கைகூப்பிக் கேட்பது இதுவே. தோல்விக்குப் பிறகு யாரை நீக்குவது, யாரை அமர்த்துவது என்ற பேச்சை ஆறு மாதம் ஒத்தி வையுங்கள். அந்த ஆறு மாதத்தில் கிளைதோறும் உறுப்பினரை வீடு வீடாகச் சென்று சரிபார்த்து, பட்டியலை எவரும் படிக்கும் இடத்தில் ஒட்டுங்கள். ஆட்சேபங்களை எழுத்தில் வாங்குங்கள். கட்சிக்கு வெளியே உள்ள ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் மேற்பார்வையில், கைதூக்கச் சொல்லாமல், இரகசிய வாக்குச்சீட்டின் வழியே கிளைச் செயலாளரைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் அடுத்த செயற்குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் இது முதல் இனமாக இடம்பெற வேண்டும்; பட்டியல் ஒட்டப்படும் நாளை அந்தக் கூட்டத்திலேயே அறிவிக்கவும் வேண்டும்.